இருபதாவது வார ஸ்கேன் பிள்ளையின் கண்ணைப் பற்றி எவ்வளவு சொல்லும்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 35. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். இது முதல் பிள்ளை, இப்போது 17 வாரம். என் கணவருக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். பிறவியிலேயே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான்கு வயதில்தான் ஆபரேஷன் செய்தார்களாம். கனமான கண்ணாடி போட்டும் பார்வை அரைகுறைதான். கண் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். வண்டி ஓட்டமாட்டார், மற்றபடி கணக்காளராக நல்ல வேலையில் இருக்கிறார். காலமான என் மாமனாரும் சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தாராம். இன்னும் மூன்று வாரத்தில் டீடெய்ல் ஸ்கேன். பிள்ளைக்கும் இருந்தால் அதில் தெரியுமா? பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கச் சொல்லலாமா? 1980-இல் சூரிய கிரகணம் வந்தபோது தான் வெளியே போனதால்தான் மகனுக்குக் கண் இப்படி ஆனது என்கிறார் மாமியார். ஸ்கேன் வெளிச்சம் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும் என்றும் பயப்படுகிறார். இந்தப் பேச்சை எடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார். ஒருவேளை இருப்பது தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பிறவிக் கண்புரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பிறவியிலேயே மங்கிப்போயிருப்பது, டீடெய்ல் ஸ்கேனில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று அன்று சொல்லிவிட்டாலும் உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிடாது. பிள்ளை பிறந்த ஓரிரு வாரத்துக்குள் குழந்தைகளுக்கான கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்துப் பார்த்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் ஸ்கேன் தேதியைவிட அந்தத் தேதிதான் உங்களுக்கு முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமியாரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் அமைதி இருந்தால்தான் நீங்கள் மற்றதை யோசிக்க முடியும். ஸ்கேனில் வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. வயிற்றின்மேல் வைக்கும் கருவி, நம் காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது, அவ்வளவுதான். அறையை இருட்டாக்கி வைத்திருப்பது திரையில் உள்ள படம் எங்களுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவரும் அவர் குழுவினரும் 1958-இல் இந்த முறையைப் பற்றி எழுதியதிலிருந்து இத்தனை ஆண்டுகளாக உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்துவருகிறார்கள். மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனால் பிள்ளையின் கண் கெட்டதாக எங்கும் நிறுவப்படவில்லை.

அப்புறம் கிரகணம். 1980 பிப்ரவரி 16 அன்று வந்தது பெரிய கிரகணம்தான். முழு நிழல் கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியாகப் போனது, தமிழ்நாட்டிலும் சூரியன் பெருமளவு மறைந்தது. அன்று கர்ப்பமாக இருந்த பெண்கள் ஊர் ஊராக இருந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் புரை வரவில்லை. அது போகட்டும், உங்கள் மாமனாருக்குச் சின்ன வயதிலேயே கனமான கண்ணாடி வந்ததே, அது எந்தக் கிரகணத்தால்? மாமியாரை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. பாவம், அந்த அம்மா நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அப்படி எதுவும் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் அவர் கேட்பது நல்லது. மரபணு ஆலோசனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். குடும்ப வரலாறு முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது.

அவரிடம் மாமனாரின் பழைய புகைப்படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் கண் இயல்பைவிடப் பெரிதாக, உருண்டு தெரிகிறதா, அல்லது சிறுத்துத் தெரிகிறதா? தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் போடும் கனத்த கண்ணாடியில் கண் சிறுத்துத் தெரியும். புரையோடு லென்ஸையும் எடுத்துவிட்டவர்கள் அந்தக் காலத்தில் போட்ட கண்ணாடி பூதக்கண்ணாடி வகை, அதில் கண் பெரிதாகத் தெரியும். சோடாபுட்டி என்று நாம் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். படத்தில் கண் பெரிதாக இருந்தால், மாமனாருக்கும் பிறவிப் புரை இருந்து ஆபரேஷன் நடந்திருக்கலாம் என்ற ஊகம் பலப்படும். அந்தப் படத்தை மரபணு மருத்துவரிடம் காட்டினால் நிச்சயம் சந்தோஷப்படுவார்.

இதை இவ்வளவு தூரம் துருவுவதற்குக் காரணம் உண்டு. அப்பாவுக்கும் மகனுக்கும் அடுத்தடுத்த தலைமுறையில் வந்தது ஒரே நோய்தான் என்றால், ஒரே ஒரு மரபணு மாற்றம் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்ற வகையாக அது இருக்கும். பிறவிக் கண்புரை குடும்பத்தில் ஓடும்போது பெரும்பாலும் இந்த வகைதான். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆணா பெண்ணா என்பது கணக்கில் இல்லை. ஆனால் வந்தால் எந்த அளவுக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் ஒருவருக்குக் கண்மணியையே அடைக்கும் புரையும், இன்னொருவருக்குப் பார்வையைத் தொடாத சின்னப் புள்ளியும் இருப்பதுண்டு. உங்கள் கணவருக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்பவர்களும் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அந்தப் புள்ளி அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

நீங்களும் கணவரும் சொந்தமா என்று எழுதவில்லை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் உறவில் செய்த கல்யாணம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும் வேறு வகைக் கண்நோய்கள் உண்டு. அங்கே கணக்கு மாறும்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம்.

உங்களுக்குக் கர்ப்பம் உறுதியான சமயத்திலேயே கண் உருவாகத் தொடங்கிவிட்டது. அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை கண்ணைக் குறிவைக்கிறது. பிறவிக் கண்புரை என்றாலே பரம்பரை என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், புரையோடு வந்த சிசுக்களின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த அம்மை வந்திருந்ததைக் கவனித்து 1941-இல் எழுதினார். உங்கள் கணவருக்குக் காரணம் வேறு என்றே தோன்றுகிறது. இருந்தாலும் ருபெல்லா எதிர்ப்புச் சக்தி உங்களுக்கு இருக்கிறதா என்று கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பாருங்கள். இல்லை என்றால் தடுப்பூசி பிரசவத்துக்குப் பிறகுதான், கர்ப்பத்தில் போடக்கூடாது.

இருபதாவது வாரத்தில் பிள்ளையின் விழி முழுவதுமே ஒரு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். லென்ஸ் அதில் பாதிகூட இல்லை. இரண்டு கண்ணும் ஒரே படத்தில் வரும்படி முகத்தைக் குறுக்காகப் பிடித்தால், இடக்கண், நடுவில் மூக்கு இருக்கும் இடைவெளி, வலக்கண் மூன்றும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு கண் சிறுத்திருந்தாலோ, இல்லாமலேயே இருந்தாலோ, இரண்டும் அளவுக்கு மீறி நெருங்கியோ விலகியோ இருந்தாலோ இங்கே பிடிபடும். அதற்குப் பிறகு லென்ஸ். இயல்பான லென்ஸ் திரையில் மெல்லிய வெள்ளி மெட்டி மாதிரி இருக்கும்: ஓரம் மட்டும் வெள்ளைக் கோடு, உள்ளே கறுப்பு. புரை இருந்தால் உள்ளே வெள்ளையாக அடைத்துக்கொண்டு தெரியும், அல்லது மெட்டிக்குள் இன்னொரு மெட்டி போல இரட்டை வளையம் தெரியும். லென்ஸின் பின்புறத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று ஓடுவதாக அறிக்கையில் எழுதியிருந்தால் பதறாதீர்கள். கருவின் கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் தற்காலிகக் குழாய் அது. மாதம் ஏற ஏறத் தானே மறைந்துவிடும்.

இவ்வளவும் தெரியக்கூடியவை. ஆனால் தேடினால்தான் தெரியும். வழக்கமான டீடெய்ல் ஸ்கேனில் இரண்டு கண்குழியும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் கட்டாயம். இதயம், மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம் என்று பார்க்க வேண்டியது நீண்டுகொண்டே போகும் அந்த அரைமணி முக்கால்மணி நேரத்தில், காரணம் எதுவும் சொல்லப்படாவிட்டால் லென்ஸுக்கு யாரும் தனியாக நேரம் ஒதுக்கமாட்டார்கள். ஆகவே, படுக்கையில் படுத்த பிறகு போகிற போக்கில் சொல்லாமல், இப்போதே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, ஸ்கேன் படிவத்திலேயே ‘தந்தைக்குப் பிறவியிலேயே இரு கண்களிலும் புரை, இரண்டு லென்ஸும் பார்க்கப்பட வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். கரு மருத்துவ நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மூன்றிலும் அந்தப் பிரிவு உண்டு.

பிள்ளை ஒத்துழைக்க வேண்டுமே என்பது வேறு கதை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும், அல்லது இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொள்ளும். அப்போது ‘கொஞ்சம் நடந்துவிட்டு, மைலோ ஏதாவது குடித்துவிட்டு வாங்க’ என்று அனுப்புவோம். மறுபடி வந்து படுத்தால் சில சமயம் அழகாகத் திரும்பியிருக்கும். சில சமயம் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருபதாவது வாரத்தில் லென்ஸ் தெளிவாக இருந்தாலும் 28 முதல் 32 வாரத்துக்குள் ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சில புரைகள் பிந்தித்தான் உருவாகின்றன. உருவானாலும் எல்லாம் ஸ்கேனுக்குத் தெரியும் அளவுக்கு அடர்த்தியாக இருப்பதில்லை. உங்கள் கவலை முழுவதும் புரையைப் பற்றி என்றாலும் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: ஸ்கேன் காட்டுவது கண்ணின் அமைப்பைத்தான். விழித்திரை வேலை செய்யுமா, பார்வை நரம்பு சரியா, கண்ணில் அழுத்தம் கூடுமா, மாறுகண் வருமா என்பதையெல்லாம் பெரும்பாலும் அதால் சொல்ல முடியாது. பார்வை எப்படி இருக்கும் என்று ஸ்கேன் அறையில் யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

3டி, 4டி முகப்படம் வேண்டுமென்றால் ஆசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்காக அதற்குப் பணம் கட்ட வேண்டாம். அது தோலின் மேற்பரப்பைத்தான் காட்டுகிறது. பிள்ளையின் இமைகள் ஏறத்தாழ 26-ஆவது வாரம் வரை ஒட்டியேதான் இருக்கும். லென்ஸைப் பார்க்க அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் உதவும்.

பனிக்குட நீர்ப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அந்த நீரில் தேட முடியும். பிறவிக் கண்புரைக்குக் காரணமாகும் மரபணுக்கள் பல. ஆகவே முதலில் கணவரின் இரத்தத்தில் எந்த மரபணுவில் மாற்றம் என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், எல்லாருக்கும் விடை கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. விடை கிடைத்தால், அதே மாற்றம் பிள்ளைக்கு உண்டா என்று பனிக்குட நீரில் பார்க்கலாம். அந்த ஊசியால் கரு கலையும் கூடுதல் ஆபத்து 200-இல் ஒன்றுக்கும் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. உண்டு என்று தெரிந்த பிறகும் புரை எவ்வளவு தீவிரமாக இருக்கும் என்பது தெரியாது. முடிவு எதுவானாலும் பிள்ளையைப் பெற்றுக்கொள்வது என்று நீங்கள் இருவரும் தீர்மானித்திருந்தால், கண்ணுக்காக மட்டும் இந்த ஊசி தேவையில்லை என்பது என் கருத்து. கணவரின் மரபணுப் பரிசோதனை மட்டும் எப்படியும் பயன்படும். மாற்றம் எது என்று தெரிந்தால் பிறந்த பிறகு பிள்ளையின் இரத்தத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

தாயின் இரத்தத்தில் எடுக்கும் என்ஐபிடி ‘நார்மல்’ என்று வந்திருந்தால் நல்லது. ஆனால் அது டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகளுக்கானது. புரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இனி, ஸ்கேனில் ஏதோ தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது முதல் கேள்வி, கண்ணில் மட்டும்தானா என்பது. கண்ணோடு சேர்த்து மூளையிலோ இதயத்திலோ முகத்திலோ வேறு மாற்றமும் இருந்தால் அது ஒரு பெரிய நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். அப்போது எம்ஆர்ஐ, பனிக்குட நீர், கிருமித்தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை என்று எல்லாமே அர்த்தமுள்ளவை ஆகின்றன. நான் மேலே சொன்ன ‘ஊசி வேண்டாம்’ அங்கே பொருந்தாது. சிங்கப்பூரில் சட்டப்படி கருவைக் கலைக்க 24 வாரம் வரைதான் அனுமதி, அதற்கு முன்பு ஆலோசனையும் கட்டாயம். இருபதாவது வார ஸ்கேனுக்கும் அந்த எல்லைக்கும் நடுவே அதிக நாள் இல்லை என்பதால்தான் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறோம். இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். உங்கள் குடும்பத்தில் இரண்டு பேருமே கண்ணைத் தவிர வேறு குறை இல்லாமல் வாழ்ந்தவர்கள், அதனால் அப்படிப்பட்ட நோய்க்கான வாய்ப்பு குறைவு.

புரை மட்டும்தான் என்றால்? அதற்காகப் பிரசவத் தேதியை மாற்ற வேண்டியதில்லை, சிசேரியனும் தேவையில்லை. பிறந்த பிறகுதான் வேலை. இங்கேதான் உங்கள் கணவரின் கதையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவருடைய பார்வை இன்று அரைகுறையாக இருப்பதற்குப் புரை மட்டும் காரணம் இல்லை. நான்கு வயது வரை அது எடுக்கப்படாமல் இருந்ததும் காரணம். பிறந்த சில வாரங்களில் கண் வழியாகத் தெளிவான உருவம் போனால்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும். அந்தக் காலம் கடந்த பிறகு லென்ஸை எடுத்து எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. அவர் கண் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அந்த முதல் மாதங்களில் கண்ணுக்குப் போதிய காட்சி கிடைக்காததன் விளைவாகத்தான் இருக்கும்.

இன்று அடர்த்தியான புரை இரு கண்ணிலும் இருந்தால் ஆறிலிருந்து எட்டு வார வயதுக்குள் ஆபரேஷன் செய்யப் பார்க்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம். நான்கு வாரத்துக்கும் முன்னால் அவசரப்பட்டுச் செய்தால் பிற்பாடு கண்ணில் அழுத்தம் கூடும் ஆபத்து அதிகம், அதனால் அந்த இடைவெளியைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வளவு சிறிய பிள்ளைக்கு மயக்க மருந்தா என்று வயிறு கலங்கும்தான். சிசுக்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆபரேஷனைவிட அதற்குப் பின்னால் வருவதுதான் பெற்றோருக்குக் கஷ்டம், இதை மறைக்க விரும்பவில்லை. அந்த வயதில் பொதுவாகச் செயற்கை லென்ஸை உள்ளே பொருத்துவதில்லை. காண்டாக்ட் லென்ஸோ கண்ணாடியோதான். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த 114 சிசுக்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உடனே லென்ஸ் பொருத்திய பிள்ளைகளுக்கும் காண்டாக்ட் லென்ஸ் போட்ட பிள்ளைகளுக்கும் நாலரை வயதில் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. லென்ஸ் பொருத்திய கண்களுக்குத்தான் மறுபடி மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆக, திமிறும் பிள்ளையின் கண்ணில் காண்டாக்ட் லென்ஸைப் போடவும் எடுக்கவும் நீங்கள் பழக வேண்டியிருக்கும். ஒரு கண் பின்தங்கினால் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மறைத்து வைக்க வேண்டும், பிள்ளை அதைப் பிய்த்துப் பிய்த்துப் போடும். கண் அழுத்தத்தை ஆயுள் முழுவதும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் பள்ளிக்கூடப் பாடம் படிக்கும் அளவுக்குப் பார்வை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, முக்கியமாக இரு கண்ணிலும் புரை இருந்து உரிய காலத்தில் எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் பிறந்தவுடன் நடக்க வேண்டியது மாறாது. தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். சிசு மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும் முன் சின்ன விளக்கைக் கண்ணில் அடித்து, கண்மணியில் சிவப்பொளி திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். அது நல்ல பரிசோதனைதான். ஆனால் நம் பிள்ளைகளின் கண்ணில் நிறமி அதிகம், அந்தச் சிவப்பு மங்கலாகவே தெரியும். சின்னப் புரை தப்பிவிடலாம். ஆகவே குடும்ப வரலாற்றைச் சொல்லி, சிவப்பொளி சரியாக இருந்தாலும் கண் மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பிள்ளையின் சுகாதாரக் கையேட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை வரும். முப்பது நாள், நாற்பது நாள் தீட்டு. பச்சை உடம்பு, பச்சைப் பிள்ளை, வெளியே போகக்கூடாது. ‘தீட்டு கழியட்டும், பிறகு காட்டிக்கொள்ளலாம்’ என்று அந்தக் கண் மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தால், ஆபரேஷனுக்கு உகந்த வாரங்கள் அதிலேயே கரைந்துவிடும். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், உடம்பு பிடித்துவிடும் அம்மா எல்லாம் இருக்கட்டும். இந்த ஒரு நாளைக்கு மட்டும் டாக்சி பிடித்துப் போய் வந்துவிடுங்கள். மாமியாரிடம் இப்போதே சொல்லிச் சம்மதம் வாங்கி வையுங்கள். பிள்ளை பிறந்த வீட்டில் தூக்கமில்லாமல் நின்றுகொண்டு இதற்காக வாதாட முடியாது. அப்புறம், கண்ணுக்குள் மை தீட்டுவது, விளக்கெண்ணெய் விடுவது, கண் பொங்கினால் தாய்ப்பாலைப் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம். திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கட்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றிருந்தால் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு, அதில் பிறவிக் குறைபாடுகளும் அடங்கும். கூடுதலாகத் தனியார் காப்புறுதி எடுக்க எண்ணினால், பிறவிக் கண்நோயை விலக்கிவைக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கணவர் எழுந்து போவதைப் பற்றி. தன்னால்தான் பிள்ளைக்கு வரப்போகிறது என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருக்கலாம். நான்கு வயதில் கட்டுப்போட்டுப் படுத்துக் கிடந்ததும் அவருக்கு நினைவிருக்கலாம். அவரிடம் ‘ஸ்கேனுக்கு வாங்க’ என்று சொல்வதைவிட, ‘உங்க கண்ணை ஒரு தடவை காட்டுவோம்’ என்று தொடங்கிப் பாருங்கள். அது எப்படியும் அவருக்குத் தேவை. சின்ன வயதில் லென்ஸை எடுத்தவர்களுக்கு நடுத்தர வயதிலும் கண் அழுத்தம் கூடலாம், விழித்திரை பிரியலாம். கடைசியாக எப்போது கண் மருத்துவரிடம் போனார் என்று கேட்டுப் பாருங்கள், பல வருடம் ஆகியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் தேசிய கண் நிலையத்துக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ போகலாம். அங்கேயே மரபணுப் பரிசோதனையைப் பற்றியும் கேட்டுவிடலாம். மதுரையில் ஆபரேஷன் நடந்தபோது கொடுத்த காகிதம் ஏதாவது ஊர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று மாமியாரைத் தேடச் சொல்லுங்கள். 17 வாரம் என்பது இதையெல்லாம் தொடங்கச் சரியான சமயம். கடிதத்தை இந்த வாரமே வாங்கிவிடுங்கள், சந்திப்புத் தேதி கிடைக்கவே நாளாகும்.